ஆடம் ஸ்மித் சுயநலத்தைப் போதித்தாரா?

மட்டக்களப்பு உயர்தர மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. "சுயநலமே மகிழ்ச்சிக்கு வழி, பிறர் துயரம் நம் வேலையல்ல" என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' நூலில் எழுதினாராம். தவறு. அந்த வரி அந்நூலில் இல்லை.

1776இல் வெளிவந்த அந்த நூல் சொல்வது இதுதான்: இறைச்சிக்காரர், மது வடிப்பவர், ரொட்டி சுடுபவர் ஆகியோரின் தயவால் நமக்கு இராவுணவு கிடைப்பதில்லை, அவர்கள் தங்கள் நலனைக் கருதுவதால் கிடைக்கிறது. கல்லடியில் மீன் விற்பவர் இரக்கப்பட்டா நமக்குப் பாரை தருகிறார்? இது கொடுக்கல் வாங்கல் பற்றிய பேச்சு, வாழ்க்கை உபதேசம் அல்ல.

அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1759இல், ஒழுக்க உணர்வுகள் பற்றி அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். மனிதனை எவ்வளவு சுயநலக்காரனாகக் கருதினாலும், பிறர் வாழ்வில் அக்கறை கொள்ளும் இயல்பு அவனிடம் உண்டு; பார்த்து மகிழ்வதைத் தவிர வேறு பயன் இல்லாதபோதும் பிறர் மகிழ்ச்சி அவனுக்குத் தேவைப்படுகிறது. இது அந்நூலின் முதல் வாக்கியம். படம் செய்தவர் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை போலும்!

தனிமனிதத் தீயகுணங்கள் பொதுநன்மை தரும் என்று வாதிட்டவர் பெர்னார்ட் மாண்டவில் என்ற வேறொரு எழுத்தாளர். அவருடைய நூல் 1714இல் வந்தது. ஸ்மித் தம் 1759ஆம் ஆண்டு நூலில் அவரைப் பெயர் சொல்லியே கண்டித்தார். பொருளியல் விடைத்தாளில் இந்தப் படத்தின் வரியை மேற்கோளாக எழுதிவிடாதீர்கள்.