நெட் கட்டானா ரேடியோவும் நிண்டிருமா?

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, "இப்ப எல்லா எஃப்எம்மும் நெட்டாலதான் வருது, புயலுக்கு நெட் போனா ரேடியோவும் நிண்டிரும், வாங்கி வெச்சிப் பிரயோசனம் இல்ல" எண்டு. மட்டக்களப்பு கல்லடிக்காரர் ஒராள் எனக்கும் அனுப்பியிருந்தார். பிழை கா இது.

கொழும்பு ஸ்டூடியோ சத்தம் நேரா நம்மட ஊருக்கு வாறதில்ல, எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டிலதான் போகும், நடுவில மலைநாடு மறிக்கும், அதனால ஊருக்கு ஊர் டிரான்ஸ்மிட்டர் (அலைய பரப்பிற மெஷின்) வெச்சி அதுக்குச் சத்தத்த சேட்டலைட்டாலயோ டவருக்கு டவர் மைக்ரோவேவ் லிங்க்காலயோ ஃபைபராலயோ நெட்டாலயோ அனுப்புவாங்க, நெட் அதில ஒரு வழி மட்டும்தான், சில இடத்தில ஒண்டு விழுந்தா மற்றது எடுக்கிற மாதிரி ரெண்டு வழி வெச்சிருப்பாங்க. (கடும் மழைக்கு சேட்டலைட்டும் சிலநேரம் கட்டாகும், அது வேற கதை.)

ஃபோன் ஆப்பில கேக்கிறதுதான் முழுக்க நெட். ரேடியோவையும் ஆப்பையும் பக்கத்தில வெச்சிப் பாருங்க, ஆப் பின்னால இழுபட்டு வரும்.

இன்னொண்டு, ரேடியோ இரைச்சல் இல்லாம கப்சிப்பெண்டு கிடந்தா டிரான்ஸ்மிட்டர் ஓடுது, அநேகமா அதுக்குச் சத்தம் வாற வழிதான் அறுந்திருக்கும். "ஸ்ஸ்" எண்டு இரைஞ்சா டிரான்ஸ்மிட்டரே நிண்டிட்டு, இல்லாட்டி உங்கட ஏரியல் சரியில்ல.

78 சூறாவளியக் கண்ட ஊர்ல பேட்டரி ரேடியோவத் தூக்கி வீசச் சொல்லி மெசேஜ் போடுறானுகள்!