டிரிங் ஊர்: நாற்பது நிமிடக் கணக்கும் டியூடர் வீடுகளும்

"ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள டிரிங்கில் வீட்டு வாசலிலிருந்து லண்டனுக்கு 40 நிமிடம்தான், தெருவெல்லாம் டியூடர் காலத்து வீடுகள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே பாதி உண்மைதான்.

அந்த 40 நிமிடம் ரயிலில் டிரிங் பிளாட்ஃபாரத்திலிருந்து லண்டனின் யூஸ்டன் ஸ்டேஷன் பிளாட்ஃபாரம் வரைக்கும். 1837இல் திறந்த ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, கடைத்தெருவிலிருந்து கிட்டத்தட்ட 3 கி.மீ. கிழக்கே இருக்கிறது. நடந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இல்லையென்றால் பஸ், சைக்கிள், அல்லது காரை நிறுத்தக் காசு. வீடு பார்ப்பவர்கள் இதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த டியூடர் வீடுகள், அதாவது டியூடர் மன்னர்கள் ஆண்ட 16ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டியவை என்று சொல்லப்படுபவை. வெள்ளைச் சுவரில் கருப்பு மரச்சட்டம் போட்டு நிற்பவற்றில் பல, வங்கித் தொழில் செய்த ராத்ஸ்சைல்டு குடும்பம் 1872இல் இங்குள்ள டிரிங் பார்க் என்ற மாளிகையையும் நிலத்தையும் வாங்கிய பிறகு வந்தவை. வில்லியம் ஹக்வேல் என்ற கட்டடக் கலைஞர் அவர்களுக்காகப் பழைய பாணியில் வரைந்தார். ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும், முன்பு ஹோட்டலாக இருந்த ரோஸ் அண்ட் கிரவுன் கட்டடமே 1900களின் தொடக்கத்தில் எழுந்ததுதான். அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஐந்நூறு வருடப் பழமை என்று நம்பி அதற்கொரு விலை கொடுக்காதீர்கள்.

விலை ஏறுவதற்கு வேறு காரணம் இருக்கிறது: ஊரைச் சுற்றிக் கட்டடம் கட்டக் கட்டுப்பாடுள்ள பசுமை வளையம், சில்டர்ன் குன்றுகள். புது வீடு கட்ட இடம் கிடைப்பது லேசில்லை.