மிராயிலும் பேட்டரி இருக்கிறது

"டொயோட்டா மிராயில் பேட்டரியே கிடையாது, ஹைட்ரஜன் அடித்தால் போதும், பேட்டரி காரை விட மின்சாரமும் மிச்சம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

மிராயும் மின்மோட்டாரில் ஓடும் கார்தான். 2014இல் வந்த முதல் மாடலில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, 2020 மாடலில் லித்தியம் அயான். சின்ன பேட்டரிதான், ஒன்றேகால் யூனிட் அளவு. ஆனால் அது இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க இடமில்லை. திடீரென்று வேகமெடுக்கும்போது, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல்லுக்குக் கைகொடுக்கவும் அதுதான் வேண்டும்.

சரி, மிச்சம் என்ற கதைக்கு வருவோம். 2020 மாடலில் 5.6 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும். அமெரிக்க அரசுக் கணக்கில் அதிகபட்சம் சுமார் 650 கிலோமீட்டர். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 யூனிட் ஆகும். அப்படியென்றால் ஒரு முழு டாங்கிக்கு 280 யூனிட். அந்த ஹைட்ரஜனை 700 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) அழுத்தத்துக்கு ஏற்றும் மின்சாரம் தனி. அதே தூரத்துக்கு நடுத்தர அளவு பேட்டரி கார், சார்ஜ் இழப்பையும் சேர்த்து, 110 முதல் 130 யூனிட்டில் போய்விடும்.

வெளியே தண்ணீர் மட்டும் வருவது உண்மைதான். ஆனால் உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. அந்தப் புகை ஆலையிலேயே போய்விடுகிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம் என்பதை மறுக்கவில்லை, பக்கத்தில் பங்க் இருந்தால்.