ஒரு நாள் வராததற்கு இவ்வளவு பேச்சா?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதுவரை பார்க்காதவர்கள் இருந்தால் தயவுசெய்து தேடிப் போக வேண்டாம். பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு முறை எனக்கு அனுப்பிவிட்டீர்கள், போதும். "ஒரு நாள் விட்டவன் எல்லா நாளும் விடுவான், இப்படிப்பட்டவர்கள் குழுவில் இருந்தால் மற்றவர்களும் கெடுவார்கள்" என்று காலை நடைக் குழுவின் அட்மின் எழுதியது என்னைப் பற்றித்தான். பெயர் போடவில்லை, பெருந்தன்மை. ஆனால் நான் முந்தின நாள் போட்ட பதிவின் முதல் வரியை அப்படியே எடுத்துப் போட்ட பிறகு பெயர் எதற்கு? அதன் கீழே கைதட்டல் போட்டவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். சரி, இருக்கட்டும்.

நான் செய்த குற்றம் இதுதான். அன்றைக்கு நடக்கப் போகவில்லை. அலுவலகத்துக்கு முறைப்படி விடுப்பு சொல்லிவிட்டு, தினமும் ஏறுகிற பேருந்தை விட்டுவிட்டு, அதே நிறுத்தத்துக்கு வருகிற, ஆனால் நான் ஒருமுறைகூட ஏறியிராத இன்னொரு பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போனேன். அங்குமிங்கும் நடந்தேன், ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், சாயங்காலம் திரும்பிவிட்டேன். ஞானோதயம் எதுவும் கிடைக்கவில்லை. அருவி இல்லை, மலை இல்லை, புகைப்படம்கூட உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. எப்போதாவது ஒரு நாள் இப்படி வழக்கத்தை உடைப்பது நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான்.

நான் ஒழுங்குக்கு எதிரி இல்லை. இதைப் பத்து தடவை சொன்னாலும் சிலருக்கு ஏறாது, ஆனாலும் சொல்கிறேன். என் வாழ்க்கை ஓடுவதே பழக்கங்களால்தான். வெண்டி வுட் என்ற உளவியலாளர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை மணிக்கொருமுறை குறித்துவைக்கச் சொன்னார்கள். அதில் சுமார் 43 சதவீதம் கிட்டத்தட்ட தினமும், பெரும்பாலும் அதே இடத்தில், அதே சூழலில் செய்கிற காரியங்கள். அதில் தவறே இல்லை. பல் தேய்ப்பதைப் பற்றி தினமும் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தால் நாம் யாரும் வீட்டை விட்டு வெளியே வந்திருக்க மாட்டோம். பழக்கம் மூளையின் சுமையைக் குறைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுமை குறைவது எதனால்? பார்க்காமல் விடுவதால். நாம் எதையும் கவனிக்காமலே காரியம் முடிந்துவிடுகிறது என்பதுதான் பழக்கத்தின் முழு வசதியும்.

ட்ராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் 1804-ல் ஒரு விஷயத்தைக் குறித்துவைத்தார். ஒரு புள்ளியையே அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரத்தில் இருப்பவை மெல்ல மங்கி மறைந்துவிடும். பொருள் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் தெரியாது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, விழித்திரையில் படம் கொஞ்சமும் நகராதபடி நிலைநிறுத்திப் பார்த்தபோது முழுப்படமே மறைந்துபோனது. நமக்கு எதிரில் இருப்பது தொடர்ந்து தெரிவதற்கே கண் தன்னையறியாமல் ஓயாமல் நுண்ணியதாக அசைந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கே இந்தக் கதி. ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே ஆட்கள் என்று வருஷக்கணக்காக இருக்கிறவனுக்கு எதிரில் என்ன மிச்சமிருக்கும்?

அப்புறம், "ஒரு நாள் விட்டவன் எல்லா நாளும் விடுவான்". இதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். ஏனென்றால் இதே குழுவில் மாதாமாதம் ஒரு வண்ணப் படம் போடுவார்கள், "பழக்கம் உருவாக 66 நாட்கள், அறிவியல் நிரூபித்தது" என்று. அந்த 66 எங்கிருந்து வந்தது என்று அட்மின் சாருக்குத் தெரியுமா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்துச் செய்த ஆய்வு அது, 2010-ல் அச்சில் வந்தது. 66 என்பது நடுவாந்தரமான ஒரு கணக்கு மட்டுமே, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்கிட்டு நீட்டிச் சொன்னவை). அதே ஆய்வில், அதே தாளில், இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: இடையில் ஒரு முறை செய்யத் தவறினாலும் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. 66-ஐ எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டீர்களே சார், ஏன்? வண்ணப் படத்தில் இடம் பத்தவில்லையா?

உடனே ஒருவர் வருவார், "அப்படியானால் வாரக்கணக்கில் விடலாமா?" என்று. நான் அப்படிச் சொன்னேனா? எப்போதாவது என்று சொன்னேன். எப்போதாவது. தினமும் உடைத்தால் உடைப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும், அதுவே இன்னொரு பழக்கமாகிவிடும். இந்த ஒரு சொல்லை மட்டும் படிக்காமல் தாண்டிப் போய்த்தான் முக்கால்வாசிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள்.

"புதிய பாதையில் போனதால் என்ன கிடைத்தது?" என்று இன்னொருவர். கிடைக்க வேண்டுமா? சரி, கணக்குதான் வேண்டுமென்றால் தருகிறேன். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். சில நிலையங்கள் மூடல், சில திறப்பு. தினமும் ஒரே வழியில் போய்வந்த ஜனங்கள் திட்டிக்கொண்டே வேறு வழி தேடினார்கள். பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் பயண அட்டைத் தரவுகளை எடுத்து அலசியபோது, வழிமாறிப் போக நேர்ந்தவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை என்று தெரிந்தது. புதுவழி அவர்களுக்கு நன்றாக இருந்திருக்கிறது. அந்த வழி வேலைநிறுத்தத்தன்று முளைத்ததில்லை, எத்தனையோ வருஷமாக அங்கேதான் இருந்தது. அவர்கள் சோம்பேறிகளும் இல்லை, முட்டாள்களும் இல்லை, ஒழுங்காக, நேரத்துக்கு, தினமும் தவறான வழியில் போய்க்கொண்டிருந்தவர்கள். மீதி 95 சதவீதம் பழைய வழிக்கே திரும்பினார்களே என்பீர்கள். திரும்பட்டும். நானும்தான் மறுநாள் பழைய பேருந்தில் ஏறினேன். இப்போது அது பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்த வழி.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணிக்காலம் முழுக்க ஒரே அலுவலகம், ஒரே ரயில், மாலையில் வீடு வந்து சேரும் நேரம்கூட மாறாது. அவர் அளவுக்கு ஒழுங்கான மனிதரை அட்மின் சார் கனவிலும் பார்த்திருக்க மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவரைப் பேச வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொன்ன கதைகள் எல்லாமே வழக்கம் அறுந்துபோன நாட்களின் கதைகள். வெள்ளத்தில் ரயில் நடுவழியில் நின்று, முன்பின் தெரியாதவர்களோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தது. தூங்கிப்போய் வேறு எங்கோ இறங்கி, அங்கே பழைய பள்ளித் தோழரைக் கண்டது. அலுவலகத்தில் தீப்பிடித்து எல்லாரும் தெருவில் நின்றது. நடுவில் இருந்த வருஷங்கள்? "என்னத்த சொல்றது, எப்பவும் போலத்தான்" என்பார். செக்குமாட்டை எவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டால் அதுவும் அதைத்தான் சொல்லும். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த ஒழுங்கில்தான் நாங்கள் படித்தோம், வளர்ந்தோம். ஆனால் அந்த விபத்துகளும் நடக்காமல் இருந்திருந்தால் அவரிடம் சொல்ல என்ன இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. என் அடுத்த விபத்துக்காக வெள்ளம் வரட்டும் என்று காத்திருக்க நான் தயாரில்லை.

ஓயாமல் ஓடுவதை ஒரு அரசாங்கமே முயன்று பார்த்திருக்கிறது. 1929-ல் சோவியத் யூனியன் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டு, நாலு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு, ஆனால் ஆளுக்கு ஒரு நாளில் என்று முறை வைத்தது. தொழிற்சாலை ஒரு நாளும் நிற்காது. புருஷனுக்கு ஒரு நாள் ஓய்வு, பெண்டாட்டிக்கு வேறொரு நாள். வீட்டில் யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை, நிறுத்திப் பழுதுபார்க்காததால் இயந்திரங்களும் கெட்டன. 1931-லேயே பின்வாங்க ஆரம்பித்து, 1940-ல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்ப வந்துவிட்டன. இரும்பே தாங்கவில்லை.

"இதெல்லாம் வசதி உள்ளவன் பேச்சு, விடுப்பு கிடைக்காதவன் என்ன செய்வான்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மற்ற கமெண்ட்டுகளில் இருந்த நக்கல் இதில் இல்லை, அதனால்தான் பதில் சொல்கிறேன். தம்பி, விடுப்பு என்பதே வசதி உள்ளவன் கொடுத்த பரிசு இல்லை. ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று ஆலைத் தொழிலாளர்களுக்காக சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை போட்டது 1921-ல். சம்பளத்தோடு விடுமுறை என்ற உடன்படிக்கை 1936-ல். அதே வருஷம் பிரான்சில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் இரண்டு வார சம்பள விடுமுறை சட்டமானது. அதைப் பயன்படுத்துகிறவனை ஒழுங்கற்றவன் என்று சொல்வது யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

ஆனால் அந்தத் தம்பி கேட்டதில் எனக்குப் பதில் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. என் அக்கா. படுக்கையில் இருக்கும் அம்மாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாத்திரை, குளியல், புரட்டிப் படுக்கவைப்பது, ராத்திரி இரண்டு முறை எழுந்து பார்ப்பது. மேலே சொன்ன எந்த உடன்படிக்கையிலும் அவள் இல்லை, அவளுக்கு முதலாளி கிடையாது, விடுப்புக் கடிதம் யாரிடம் கொடுப்பாள்? ஜெர்மனியில் 1995-ல் வந்த பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர் ஓய்வெடுக்கும் நாட்களுக்கு மாற்று ஆள் வைக்கிற செலவைத் தருகிற ஏற்பாடு உண்டு. பார்ப்பவளும் மனுஷி என்று சட்டத்திலேயே யாரோ எழுதியிருக்கிறார்கள். நம் குடும்பங்களில் அதற்குப் பதிலாக "அவளுக்கு என்ன பொறுமை" என்று பாராட்டு வைத்திருக்கிறோம். அந்தக் குழுவில் கைதட்டிய ஆண்களே, நீங்கள் ஒரு நாளும் தவறாமல் காலையில் ஒரு மணி நேரம் நடக்க முடிகிறதே, அந்த ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? உங்கள் ஒழுங்கை யாரோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் சார். அவர்களுக்கும் ஒரு குழு ஆரம்பித்து, வராத நாளுக்கு ஸ்கிரீன்ஷாட் போடுவீர்களா?

எங்கிருந்தோ எங்கேயோ வந்துவிட்டேன், தெரிகிறது. பரவாயில்லை, நீங்களும் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள்.

இந்த மாதக் கடைசியில் ஒரு நாள் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் வேண்டாம் என்றாள், உனக்கு மாத்திரை எது எது என்று தெரியாது என்றாள், இப்போது மாத்திரைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். நீ அன்றைக்கு எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன்.

"அது உனக்கு எதுக்குடா?" என்றாள்.