அந்த வீடியோவில் நிற்பது என் மகள்தான்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செங்கோட்டையிலிருந்து கேரளாவுக்கு ஏறுகிற மலைப் பாதையில், புளியரை எஸ் வளைவில் என்ன நடந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து ஓரமாக நின்ற காரையும் பக்கத்தில் நிற்கிற பெண்ணையும் எடுத்த வீடியோவை, செங்கோட்டையில் போன் வைத்திருக்கிற எல்லோரும் பார்த்தாயிற்று. "அப்பன் வாங்கிக் கொடுத்த டப்பா" என்று மேலே எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு ஒட்டி அனுப்பிய மகராசனுக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆமாம், அது என் மகள்தான். வண்டியும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். 2013 மாடல் டீசல் எஸ்யூவி. வாங்கும்போது மீட்டரில் 1,84,000 கிலோமீட்டர். கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கிலோமீட்டரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வண்டியை யார் பார்த்து வாங்கினான், யார் ஓட்டுகிறாள், அதைப் பாருங்கள்.

கொல்லம் ரோட்டில் பதினாறு வருஷம் லாரி ஓட்டியவன் நான். பத்து வருஷ டீசல் வண்டி மீட்டரில் அறுபதாயிரம் காட்டினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும், யாரோ மீட்டரைப் பின்னால் திருப்பியிருப்பார்களோ என்று. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கும், மீட்டர் மட்டும் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். இந்த வண்டி 1,84,000 என்று உண்மையைச் சொன்னது. சர்வீஸ் பில் முழுக்க இருந்தது.

புனலூரில் வண்டியைப் பார்க்கப் போனபோது முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவிப் பார்த்தேன். விற்றவர் சிரித்தார். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் முங்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து எத்தனை பேர் தலையில் கட்டினார்கள் என்று அவருக்கும் தெரியும். சீட்டைக் கழுவலாம், தரை விரிப்பை மாற்றலாம். பெல்ட் சுருளுக்குள்ளே கடைசி ஒரு முழத்தில் ஏறிய சேற்றைப் போக்குவது லேசில்லை. இதில் சுத்தமாக இருந்தது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தேன், புகை தள்ளவில்லை. டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற மேடு, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் 1116 என்று எண். 2016-ம் வருஷம் 11-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் இருந்தென்ன, ரப்பர் செத்துப்போயிருக்கும். நாலையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். கிளட்ச் மாற்றினேன், பிரேக் மாற்றினேன். மாற்றாமல் விட்டது, எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடும் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்றுதான். பன்னிரண்டு வருஷ ரப்பர், பார்த்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது, வண்டியுடையது இல்லை. பிள்ளையுடையது இல்லவே இல்லை.

அந்த ஹோஸ்தான் ஏற்றத்தில் வெடித்தது. வீடியோ எடுத்தவர் அதற்கு முன்னால் நடந்ததை எடுக்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். டெம்பரேச்சர் முள் ஏறுவதை அவள் பார்த்தாள். பின்னால் கல் லாரியும் எம்சாண்ட் லாரியும் ஹாரன் அடிக்க அடிக்க, பதறாமல் இடது ஓரம் ஒதுக்கி எஞ்சினை அணைத்தாள். நாலு பக்க லைட்டையும் போட்டாள். இறங்கி, பின் டயருக்குக் கல் வைத்தாள். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவில்லை. லைசென்ஸ் எடுத்து இருபது வருஷம் ஆன பெரிய மனிதர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்து கையை வேக வைத்ததை இதே ரோட்டில் நான் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்த மலையாளி லாரிக்காரர் ஒருவர் "மோளே, பேடிக்கண்டா" (மகளே, பயப்படாதே) என்று இரண்டு கேன் தண்ணீர் கொடுத்தார். நம்மூர்க்காரர் போனைத் தூக்கினார்.

பின் சீட்டில் என் அம்மாவும் இருந்தாள். அவள் இறங்கி அந்த ஆளிடம் பேசிய பேச்சை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஏன் வெட்டினீர்கள் அண்ணாச்சி? அதையும் ஊர் கேட்கட்டுமே.

"பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வண்டி?" என்பீர்கள். இன்னும் கொஞ்சம் போட்டால் புதுச் சின்னக் காரே கிடைத்திருக்கும் என்பீர்கள். அந்த இன்னும் கொஞ்சத்தை நீங்கள் தருவதாக இருந்தால் பேசலாம்.

"புது வண்டியில் ஆறு ஏர்பேக் வருகிறதே?" வருகிறது. இதில் இரண்டுதான். பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் உண்டு. சறுக்கினால் தானே பிடித்துக்கொள்கிற அந்த ஈஎஸ்பி இல்லை. உயரமான வண்டி, வேகத்தில் ஒடித்தால் கவிழவும் செய்யும். வளைவில் நாற்பதைத் தாண்டாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏறின கியரிலேயே இறங்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. சரி, அடுத்தது.

"சின்னப் பிள்ளை கையில் வண்டியா?" இதைக் கேட்கிறவர் வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் பைக்கில் பள்ளிக்கூடம் போகிறான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு அதற்கு என்ன தண்டனை என்று தெரியுமா? பெற்றவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. என் மகள் பதினெட்டு முடிந்து, எல்எல்ஆர் போட்டு, ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கியவள்.

என் அண்ணன் மகனுக்குப் புது வண்டி எடுத்தபோது இதே ஊர் தேங்காய் உடைத்தது. இரண்டாவது மாதமே குற்றாலம் ரோட்டில் காம்பவுண்டுச் சுவரை இடித்துத் தள்ளினான். "பையன்னா அப்படித்தான்" என்றீர்கள். யார் வீடியோ எடுத்தீர்கள்? என் பிள்ளை யாரையும் இடிக்கவில்லை, ஒரு கீறல் இல்லை. ஓரமாக நின்றாள். அது உங்களுக்குச் சிரிப்பு.

எதற்குப் பெரிய வண்டி என்று கேட்டீர்களே, சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். போன ஐப்பசியில், ராத்திரி பதினொன்றரைக்கு, கொட்டுகிற மழையில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. எனக்கு ராத்திரியில் எதிர் லைட் கூசும், ஓட்டுவதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் கார் இருக்கிற இரண்டு வீட்டுக்குப் போன் போட்டேன். ஒருவருக்கு பேட்டரி டவுனாம். மற்றவர் எடுக்கவே இல்லை. மறுநாள் காலையில் இரண்டு காரும் நன்றாகவே ஓடின. கடைசியில் ஒரு லோடு ஆட்டோவில் வெங்காயச் சாக்கை விரித்து அம்மாவைப் படுக்க வைத்து, தார்ப்பாயை இழுத்து மூடி, தென்காசிக்குக் கொண்டு போனோம். நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டோம். "எப்பா, நான் கார் ஓட்டப் படிக்கணும்" என்று அவள் சொன்னது அப்போதுதான். நான் தேடினதெல்லாம் ஆள் நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு வண்டி. என் கையில் இருந்த காசுக்கு அது 1,84,000 கிலோமீட்டர் ஓடித்தான் கிடைத்தது.

புது ஹோஸ் 420 ரூபாய். மேலும் கீழும் இரண்டையும் மாற்றியாயிற்று. புதன்கிழமை அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் செக்கப். காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம், ஓட்டுவது என் மகள். ஆறு மணிக்குள் எஸ் வளைவைத் தாண்டிவிடுவோம். வீடியோ எடுக்க விரும்புகிறவர்கள் வந்து நிற்கலாம். அம்மா இந்தத் தடவை முன் சீட்டில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.