ஆமாம், நான் கணக்கு அக்காதான்

செவ்வாய் இரவு நம் சிங்கப்பூர்த் தமிழர் குழுவில் நடந்ததை இங்கே மறுபடி முழுதாக விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒரே வரியில்: ஓர் இளம் ஜோடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு ஒன்றுக்கு ஆப்ஷன், அதாவது வீட்டைப் பிடித்து வைக்கிற முன்பணம், போட்டார்கள்; வீட்டின் மதிப்பு பேசிய விலையைவிடக் குறைந்து வந்தது; வீட்டை விட்டுவிட்டார்கள், 1,000 வெள்ளி போயிற்று. நான் எழுதியது ஒரே வரி. "ஆப்ஷன் போடுறதுக்கு முன்னாடியே கையில ரொக்கம் எவ்வளவுன்னு பார்த்திருந்தா இந்த 1,000 வெள்ளி போயிருக்காது தம்பி." அவ்வளவுதான். அதற்கு ஒருவர் "கணக்கு அக்கா வந்துட்டாங்க, எல்லாரும் கால்குலேட்டரை எடுங்க" என்று போட, அதற்குக் கீழே 31 சிரிப்புப் பொம்மைகள். எண்ணிப் பார்த்தேன். கணக்கு அக்கா எண்ணாமல் வேறு யார் எண்ணுவது?

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினேனாம். சரி, நேரம் தப்புதான், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகள் இரண்டும் பணம் போன வருத்தத்தில் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதே குழுவில் அதே இரவில் "வாசல் தென்மேற்கு பார்த்திருக்கும், அதான் அமையல, எல்லாம் நல்லதுக்கே" என்று எழுதியவருக்கு வரிசையாகக் கும்பிடு விழுந்தது. மதிப்பீடு விற்கிற விலையைவிடக் குறைந்து வந்ததற்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ராசி என்றால் ஆறுதல், ரொக்கம் என்றால் அகங்காரம். அப்படித்தானே?

இடையில் ஓர் அண்ணன் கனடாவில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய காணொளியை வேறு போட்டார், வசந்தம் வந்தாயிற்று, வீட்டுச் சந்தை கண் விழித்துவிட்டது என்று. நமக்கு ஏது வசந்தம்? மழை, மழை விட்டால் வெயில். ஆனால் சந்தை கண் விழிக்கும் காலம் இங்கேயும் உண்டு, மறுக்கவில்லை. சீனப் புத்தாண்டு முடிந்ததும் பாருங்கள், பண்டிகைக்குத் தேய்த்துக் கழுவிய வீட்டை அப்படியே படம் பிடித்து விற்பனைக்குப் போட்டுவிடுகிறார்கள். நம் ஆட்கள் மார்கழி போகட்டும் என்று காத்திருந்துவிட்டு தை, மாசியில் மொத்தமாகக் கிளம்புகிறார்கள். சனிக்கிழமை ஒரே வீட்டு வாசலில் நான்கு குடும்பம், எல்லோருடைய செருப்பும் நடைபாதையில். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் வருகிற பதற்றம் இருக்கிறதே, அதில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது. அதனால்தான் கூட்டத்தில் போய் நிற்பதற்கு முன்பே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள் என்கிறேன். இதைத்தான் சொன்னேன், இதை மட்டும்தான் சொன்னேன்.

அந்தத் தம்பியிடம் வீவக தகுதிக் கடிதம் இருந்தது, தெரியும். 2023 மே மாதத்திலிருந்து அது இல்லாமல் விற்பவரிடம் ஆப்ஷன் வாங்கவே முடியாது. ஆனால் அந்தக் கடிதம் கையில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது போல ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. தகுதி உண்டா, மானியம் எவ்வளவு, கடன் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்று கடிதம் சொல்லும். நீங்கள் பார்க்கப்போகிற வீட்டின் மதிப்பு அதில் இருக்காது. அது தெரியவேண்டுமென்றால் முதலில் விலை பேசி ஆப்ஷன் வாங்கியாக வேண்டும், அதற்கு அடுத்த வேலை நாளுக்குள் 120 வெள்ளி கட்டி வீவகவிடம் மதிப்பு கேட்க வேண்டும். 2014 மார்ச்சுக்கு முன்பெல்லாம் மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேலே எவ்வளவு என்று பேரம் பேசுவார்கள், எங்கள் காலத்தில் இப்படியா என்று குழுவில் கேட்ட பெரியவர் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். இப்போது விலை முதலில், மதிப்பு பிறகு. அதாவது பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆப்ஷன் போடுகிறோம்.

630,000 வெள்ளிக்குப் பேசிவிட்டீர்கள், மதிப்பு 600,000தான் வருகிறது என்று வையுங்கள். கடன் 600,000க்குத்தான், அதிலும் 75 விழுக்காடுதான். 2024 ஆகஸ்டில் வீவக கடனையும் 80இலிருந்து 75க்கு இறக்கிவிட்டார்கள். ஆக மிஞ்சிப் போனால் 450,000. மீதி 150,000ஐ வீவக கடன் என்றால் மசேநிதியிலிருந்தே (மத்திய சேமநிதி) கட்டலாம், வங்கிக் கடன் என்றால் 5 விழுக்காடு ரொக்கமாகக் காட்ட வேண்டும். மேலே உள்ள அந்த 30,000, அதுதான் சிஓவி, மதிப்புக்கு மேல் கொடுக்கிற பணம், அதற்குக் கடனும் கிடையாது, மசேநிதியும் கிடையாது. சுத்தமான ரொக்கம். அப்புறம் முத்திரைத் தீர்வை 13,500, முகவர் கட்டணம், வழக்கறிஞர், சாயம், விளக்கு, அலமாரி. ஆப்ஷன் வாங்கியதிலிருந்து 21 நாள், கடைசி நாள் மாலை 4 மணிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஆப்ஷன் பணம் போச்சு. அது 1,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருப்பதால் அந்தத் தம்பிக்கு ஆயிரத்தோடு போயிற்று.

இதை எங்கே படித்தாய் என்று கேட்காதீர்கள். படிக்கவில்லை.

2021. முகக்கவசம் போட்டுக்கொண்டு வீடு பார்த்த காலம். 545,000க்கு ஒரு நான்கறை வீடு, பத்தாவது மாடி, சமையலறைக்குக் காலை வெயில் வரும். மாமனாருக்கு அன்றே முடித்துவிட வேண்டும், தை போய்விடும் என்று. "மதிப்பு வந்துடும்க்கா, கவலையே படாதீங்க" என்றார் எங்களுக்குப் பார்த்த முகவர். நாங்களும் கவலைப்படவில்லை. மதிப்பு 515,000 வந்தது. அன்று இரவு நானும் என் வீட்டுக்காரரும் மேசையில் உட்கார்ந்து வங்கிப் புத்தகங்களைப் பரப்பினோம். எங்களிடம் ரொக்கமாக இருந்தது 11,000. கொழுந்தனார் 8,000 கொடுத்தார், கொடுக்கும்போது ஒரு சொல்லும் கொடுத்தார், அதை இங்கே எழுத மாட்டேன். அம்மா போட்ட வளையல்கள் சிராங்கூன் ரோட்டில் அடகுக்குப் போனது, 7,000. இன்னும் 4,000 குறைந்தது. அது என் மகளின் கணக்கிலிருந்து வந்தது. பதினொரு வயதுப் பிள்ளை, பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் பாட்டி தாத்தா கொடுத்த காசு. வங்கி இயந்திரத்தின் முன்னால் நான் நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும்.

வீட்டை விட்டிருக்கலாமே, 1,000 வெள்ளிதானே என்பீர்கள். விட்டிருக்கலாம். அந்தத் தம்பி விட்டார், அவர் என்னைவிடப் புத்திசாலி, அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, சரி.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், அதற்குப் பிறகு ஒருநாள் சும்மா வீவக இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்து புளோக்கில் அதே அளவு வீடு, அதே உயரம், இரண்டு மாதம் முன்னால் 518,000க்குப் போயிருந்தது. எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே கிடந்தது. எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிடத்தை முன்னாலேயே செலவழித்திருந்தால் 545,000 என்று விற்பவர் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா? இதைச் சொன்னால்தான் கால்குலேட்டர் கிண்டல்.

வசதி உள்ளவர்கள் பேசுகிற பேச்சு என்று ஒருவர். ஐயா, என் வீட்டுக்காரருக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை, நான் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். வசதி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், 30,000 விழுந்தால் எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நம்மைப் போன்றவர்கள்தான் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் விலை ஏறிவிடும் என்று இன்னொருவர். ஏறலாம். இதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. ஏறினால் ஏறட்டும், என் மகளின் கணக்கில் இனி கை வைக்க மாட்டேன்.

முகவர் எதற்கு இருக்கிறார், எல்லாவற்றையும் நாமே பார்ப்பதா என்பதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நல்ல முகவர்கள் உண்டு. பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே ஆள் முகவராக இருக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் வீடு கைமாறினால்தான் அவருக்குக் கட்டணம். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. அவர் வாயால் "இது உங்களுக்குக் கட்டாது, வேண்டாம்" என்று வரும் எனக் காத்திருப்பது நம் தப்பு.

அதுவும் நமக்கு இன்னொரு கதை இருக்கிறது, சிரித்த 31 பேரில் பாதிப் பேருக்காவது தெரிந்த கதை. அந்த நான்கறைக்கு முன்னால் செங்காங்கில் ஒரு வீடு பார்த்தோம். மூன்று தடவை போனோம். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் அளவு நாடா கொண்டுவந்து சாமி மாடம் எங்கே வரும் என்று சுவரில் அளந்தார். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அந்த புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது, விற்பவர் சீனர், எங்களுக்கு விற்கவே முடியாது. ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவுதான் என்று 1989இலிருந்து இருக்கிற விதி. இந்தியரும் மற்றவரும் சேர்த்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12. மாதம் பிறந்தால் கணக்கு மாறும். புளோக் எண்ணைப் போட்டால் வீவக பக்கத்தில் காசு இல்லாமல் பார்க்கலாம், வீட்டுப் படியேறும் முன்பே பார்க்கலாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. அவர் அந்த அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விதி நியாயமா என்று கமெண்ட்டில் ஆரம்பிக்காதீர்கள். என் சித்தி ஈசூனில் வீட்டை விற்க ஏழு மாதம் அலைந்தார், அந்த புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பியதால் அவர் சீனர்களுக்கு விற்க முடியாது, வந்தவர்கள் எல்லாம் அது தெரிந்தே அடிமாட்டு விலை கேட்டார்கள். எனக்கும் அதில் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நியாயமோ அநியாயமோ, நாளைக்குக் காலை வீடு பார்க்கப் போகிற பிள்ளைக்கு அந்த விதி அங்கே உட்கார்ந்திருக்கிறது. பார்த்துவிட்டுப் போ என்பது கொடுமையா?

கடைசியாக ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன், பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள், பிறகு அழித்துவிட்டார். "இதெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க, அக்கா சாமி ரூம் எங்க வரும்னு பார்த்தா போதும்." அண்ணே, எங்கள் வீட்டில் சாமி மாடம் அளந்தது அவர். அடகுச் சீட்டைப் பதினான்கு மாதம் கைப்பையில் வைத்திருந்தது நான். மாதா மாதம் வட்டி கட்டப் போனதும் நான். அந்தப் பதினான்கு மாதமும் வளையல் எங்கே என்று கோவிலில் கேட்டவர்களுக்கு "மெருகு போடக் கொடுத்திருக்கேன்" என்று சொன்னதும் நான். நாம் யாருமே இதைப் பேசுவதில்லை. பால் காய்ச்சுகிற படம் போடுவோம், வாழைமரம் கட்டின படம் போடுவோம், 30,000 எங்கிருந்து வந்தது என்று போட மாட்டோம். அதைப் பார்த்து இன்னொரு ஜோடி, இவர்களால் முடிகிறது நம்மால் முடியாதா என்று மாசியில் ஆப்ஷன் போட்டுப் பங்குனிக்கு முன்னால் குடிபோய்விடலாம் என்று கிளம்புகிறது. வீவக விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகே எட்டு வாரம் ஆகும். எவ்வளவு ஓடினாலும் பெரும்பாலும் வைகாசிதான். அதைக்கூட யாரும் அந்த ஜோடியிடம் சொல்லவில்லை, நாள் பார்த்துக் கொடுத்தவரும் சொல்லவில்லை.

அந்தத் தம்பியும் தங்கையும் இதைப் படித்தால், அன்று சொன்ன விதத்துக்கு மன்னித்துவிடுங்கள். சொன்ன விஷயத்துக்கு இல்லை. அடுத்த வீடு பார்க்கும்போது கூப்பிட்டால் வருகிறேன், சனிக்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லை. புளோக் எண்ணை மட்டும் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுங்கள்.

மற்ற 31 பேருக்கும்: மகளின் 4,000ஐப் போன தீபாவளிக்குத்தான் முழுதாகத் திரும்பப் போட்டேன். வட்டியோடு. அதுவும் நானே போட்ட கணக்குதான், வேண்டுமென்றால் இதற்கும் ஒரு பொம்மை போடுங்கள்.