மேய்ப்பனின் தோளில் இருப்பது யாருடைய ஆடு?

டிசம்பர் பிறந்தால் போதும், "கிறிஸ்துமஸ் சூரிய தெய்வத்திடம் திருடியது" என்று யாராவது பதிவு போட்டுவிடுகிறார்கள். டிசம்பர் 25 ரோமானியச் சூரிய விழா என்பதற்கு நம் கையில் உள்ள பழைய சான்று கி.பி. 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று. இயேசு பிறந்த நாளாக அதே தேதியைக் குறிப்பதும் அதே தொகுப்புதான். இதை வைத்துக்கொண்டு யார் யாரிடம் எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

கிறிஸ்தவம் கடன் வாங்கியதே இல்லை என்று சாதிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆட்டைத் தோளில் சுமந்து நிற்கும் நல்ல மேய்ப்பன், கிரேக்கத் தெய்வம் ஹெர்மஸின் சிலைகளில் ஏற்கெனவே இருந்த உருவம். விவிலியத் தீர்க்கதரிசி யோனா ஆமணக்குச் செடியின் கீழ் படுத்திருக்கும் தோரணை, கிரேக்கக் கதையில் நிலவுத் தேவதை காதலித்த எண்டிமியோன் உறங்கும் தோரணை. புனித பேதுரு பேராலயத்தின் அடியில் உள்ள ஒரு சிறிய கல்லறையின் கூரையில், சூரிய தெய்வத்தைப் போலத் தலையைச் சுற்றிக் கதிர்கள் வீச ஒருவர் தேரில் போகிறார். சுவர்களில் யோனாவும் மேய்ப்பனும் இருப்பதால் அவரைக் கிறிஸ்து என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். இதில் சதி எங்கே? பணம் கொடுத்தவர் கிறிஸ்தவர். செதுக்கிய பட்டறைக்குத் தெரிந்த அச்சு அதுதான். எந்தச் சிற்பியும் ஒரே இரவில் புதிய கையைப் பெற்றுவிடுவதில்லை.

திருச்சபை நசுக்கிய பழைய ஞானம் தலைமறைவாக வாழ்ந்து மேற்கத்திய மறைஞான மரபாக வெளிப்பட்டது என்ற கதைதான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறது. உண்மையில் அந்த ஞானத்துக்குத் திண்ணை கொடுத்ததே கிறிஸ்தவர்கள்தான். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் லக்டான்டியஸ், பழைய எகிப்திய ஞானி என்று நம்பப்பட்ட ஹெர்மஸ் டிரிஸ்மெஜிஸ்டஸைக் கிறிஸ்துவுக்குச் சாட்சியாக அழைத்தார். திருச்சபைத் தந்தை அகஸ்தீன் இந்த ஹெர்மஸைக் கண்டித்தார், உண்மைதான். ஆனால் ஹெர்மஸின் மதிப்பு அதனால் அழியவில்லை. அவர் பெயரிலான நூல்களை 1463இல் லத்தீனில் பெயர்த்த இத்தாலிய அறிஞர் ஃபிசினோ, பத்தாண்டுகளில் குருப்பட்டம் பெற்றார். 1488இல் இத்தாலியின் சியெனா பேராலயத்தின் தரையிலேயே ஹெர்மஸைப் பதித்தார்கள், மோசேயின் காலத்தவர் என்ற குறிப்போடு. மிதித்து நடக்கும் தரைதானே என்று நினைக்க வேண்டாம். வாசலுக்குள் நுழைந்ததும் வரவேற்பவரே அவர்தான்.

அந்த நூல்கள் மோசே காலத்தவை அல்ல, கிறிஸ்துவுக்குப் பிந்தியவை என்று 1614இல் கசோபன் என்ற மொழியறிஞர் மொழிநடையை வைத்தே காட்டிவிட்டார். அதனால் மறைஞானிகள் கலைந்துபோய்விடவில்லை. 1888இல் லண்டனில் ஹெர்மஸின் பெயரைத் தாங்கிப் பொன் விடியல் சங்கம் என்ற மறைஞானக் குழு எழுந்தது. அதை நிறுவிய மூவரும் அதற்கு முன்பே ஒரு ரோசிக்குருசியச் சங்கத்தின், அதாவது ரோஜா-சிலுவை மறைஞான மரபைப் பின்பற்றும் சங்கத்தின், உறுப்பினர்கள். அந்த ரோசிக்குருசியச் சங்கத்தில் சேர ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாக வேண்டும்!